முண்டியம்பாக்கத்துக்குத் திரும்பும் பணம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டியைக் கடந்ததும் வருவது முண்டியம்பாக்கம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 2010இல். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். காப்பீட்டு முறையில் அரசு மருத்துவமனையும் சிகிச்சைக்கான தொகையைக் கோரிப் பெறுகிறது. அரசு கட்டும் பிரீமியத்தில் ஒரு பகுதி இப்படித் திரும்பிவந்து கருவியாகவும் மருந்தாகவும் மாறுகிறது.

செய்யாத அறுவைக்கு எங்கோ ஒரு தனியார் மருத்துவமனை பில் எழுதினால் கஜானாவில் அன்றே ஓட்டை விழுவதில்லை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று முன்பே பேசி முடித்த பிரீமியம் அது. நட்டம் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு. அடுத்த ஒப்பந்தப்புள்ளியில்தான் அது அரசின் தலையில் விடியும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமாக மாறிய 2012இல் குடும்பத்துக்கு 497 ரூபாய்; 2017இல் 699; 2022இல் 849. காப்புத்தொகையும் இடையில் உயர்ந்ததால், இவ்வேற்றத்தில் மோசடியின் பங்கைப் பிரித்தறிய வழியில்லை. ஒன்று மட்டும் கணக்கிடலாம்: 1.37 கோடிக் குடும்பங்களுக்கு ஒரு ரூபாய் கூடினால் ஆண்டுக்கு 1 கோடியே 37 லட்சம்.

போன பணத்தை மீட்பதையே நோக்கமாகக் கொண்ட சட்டமென்றால் அமெரிக்காவின் 1863ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் சொல்லவேண்டும். உள்நாட்டுப் போரில் படைக்குச் சரக்கு வழங்கியோரின் புரட்டைத் தடுக்க, லிங்கன் காலத்தில் பிறந்தது. ஏமாற்றியவர் இருமடங்கு கட்டவேண்டும். துப்பறிந்து வழக்காடியவருக்கு அதில் பாதி. 1986இல் இருமடங்கு மும்மடங்காயிற்று. படைச்சரக்குக்கு எழுதிய சட்டம் இன்று பெரும்பாலும் மருத்துவ பில்களைத் துரத்துவது ஒரு வேடிக்கை.

இங்கே 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், பொய்யுரைத்துப் பயன்பெற்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம் என்றது. தண்டனை உண்டு, மடங்குக் கணக்கு இல்லை. 2023இல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, தமிழ்நாட்டில் ஏழே ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்ததைக் காட்டியது. விழுப்புரத்தாருக்கு இவ்வகை வித்தை புதிதன்று. 2020இல் பிரதமர் கிசான் திட்டத்தில் தகுதியற்றோர் பெயரில் 110 கோடி ரூபாய் போனதாக அரசே அறிவித்தபோது, அடிபட்ட மாவட்டங்களில் இதுவும் ஒன்று. அப்பணம் வங்கிக் கணக்குகளில் தனித்தனியே கிடந்தது. சில வாரங்களிலேயே 32 கோடி திரும்பியது. போலிச் சிகிச்சையின் பணம் அப்படிக் காத்திருக்காது.

ஆகவே, கைக்கெட்டும் ஆயுதம் மருத்துவமனையைத் திட்டத்திலிருந்து நீக்குவதுதான். செலவு குறையும். ஆனால் அங்கே போய்வந்த திண்டிவனத்து நோயாளி முண்டியம்பாக்கத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ பேருந்து ஏறவேண்டும். கூலி போகும், துணைக்கு ஒருவரும் வேண்டும்.