சமூகவியலின் வரைபடத்தில் புத்தளக் கரை

இலங்கையில் சமூகவியல் ஒரு பல்கலைக்கழகப் பாடமாகத் தொடங்கியது 1949இல். அப்போது இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் இருந்தது. அமெரிக்கரான பிரைஸ் ரயன் அதன் முதல் சமூகவியல் பேராசிரியர். அயோவா மாநில விவசாயிகளிடம் புதிய சோள விதை எப்படிப் பரவியது என்று நீல் குரொஸுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1943இல் வெளியிட்ட கட்டுரையால் அறியப்பட்டவர். இங்கு வந்தபின் சிங்களச் சாதி அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1953இல் வெளியானது. ரல்ஃப் பீரிஸ் கண்டி இராச்சிய காலச் சமூக அமைப்பை 1956இல் எழுதினார். எட்மண்ட் லீச் வடமத்திய மாகாணத்தின் புல்எலிய கிராமத்தை 1961இல் உலகறியச் செய்தார். கணநாத் ஒபேசேகர தென்பகுதிக் கிராமமொன்றின் காணி உரிமையை 1967இல் எழுதினார். அதே வருடம் வெளிவந்த நூர் யல்மனின் நூலில் கிழக்குக்கரை முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் இடம் கிடைத்தது.

முதலாம் வருட மாணவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லிக் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு புள்ள கேட்கும்: "சேர், இதுல எங்கட ஊரு எங்க?" கற்பிட்டிப் பக்கம் பிறந்த எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. மேலே சொன்ன நூல்களில் ஒன்றுகூட புத்தளக் கரையை மையமாக வைத்ததில்லை.

எழுதுவதற்கு ஒன்றுமில்லாத கரையா இது? 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்று பெரும்பாலோர் கொள்வர். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியோடு அவர் முத்தைப் பற்றிப் பேசினார்; பாவா ஆதம் மலைக்குப் போக வழி கேட்டார். பாரசீக மொழி புரிந்த தமிழ் அரசன், மொரோக்கோவிலிருந்து வந்த முஸ்லிம் பயணி, இருவருக்கும் நடுவே முத்து. இந்தக் கரையின் சமூக உறவுகள் கடல்வழியே பின்னப்பட்டவை என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை.

பல்கலைக்கழகம் வருவதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பே இங்கு ஒருவர் சமூகத்தை எழுதிக்கொண்டிருந்தார். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர். 1834இல் அவர் வெளியிட்ட இலங்கை அகராதி ஊர், ஆறு, சனம், தொழில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியது. தமிழரின் சாதி வழக்கங்கள் பற்றியும், முக்குவர் பற்றியும் எழுதினார். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்த நூல் 1859இல் வந்தது. பட்டம் இல்லை, பேராசிரியர் பதவி இல்லை. ஆனால் ஊரில் இருந்துகொண்டே ஊரை எழுதலாம் என்று காட்டியவர் அவர். எங்கள் பாடத்திட்டங்களில் அவருக்கு ஓர் அரை மணித்தியாலமாவது கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து.

புத்தளம் ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது 1990க்குப் பிறகுதான், அதுவும் ஒரு பெருந்துயரத்தின் வழியாக. அந்த வருடம் அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அது நடந்தது அக்டோபர் 30ஆம் திகதி. கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்ப் பக்கத்துச் சனம் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீட்டுக்கு வீடு சோறு ஆக்கினார்கள். பிறகு தென்னந்தோட்டங்களில் ஓலைக் குடிசைகள் எழுந்தன. சில நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்தவர்கள் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார்கள். பலர் இன்னும் இங்கேயே இருக்கிறார்கள்.

கிணற்றுத் தண்ணீர், பாடசாலைக் கதிரை, தோட்டக் கூலி, பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா: இவை ஒவ்வொன்றும் 'ஊர்க்காரர்', 'அகதி' என்ற இரண்டு சொற்களுக்கிடையே உரசலாயின. ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்களுக்கிடையே இந்தச் சொற்கள் எப்படிச் சுவராயின என்பது சமூகவியலின் கேள்வி. ஐக்கிய நாடுகளின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகளின்படி, நாட்டெல்லையைத் தாண்டாதவர் அகதி அல்லர், உள்ளக இடம்பெயர்ந்தவர். சட்டத்துக்கு அது சரி. ஆனால் முகாமில் பிறந்த பிள்ளையைப் பாடசாலையில் 'அகதி' என்று கூப்பிட்டபோது அந்த வரைவிலக்கணம் உதவிக்கு வரவில்லை. வந்த சனத்தை வாங்கிக்கொண்ட ஊரும் ஏழை ஊர்தான் என்பதை நிவாரணப் படிவங்களும் கேட்கவில்லை.

இதை முதலில் முறையாக எழுதியவர்களில் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் முக்கியமானவர். அவர் புவியியலாளர், வடக்கு முஸ்லிமாகவே பிறந்தவர். இழந்த வீடு, காணி, தொழில் என்று கணக்கெடுத்து, 2001இல் வெளியிட்ட நூலில் இம்மக்களை 'மறக்கப்பட்ட மக்கள்' என்றார். 2018இல் அவர் காலமானார். நோர்வேயின் கத்ரின் புரூன் புத்தளத்தின் இடம்பெயர்வைப் பற்றி 2008இல் நூல் எழுதினார். ராஜனி திராணகமவின் மகள் ஷரிகா திராணகம 2011இல் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாண முஸ்லிம்களின் புத்தள வாழ்க்கையும் இருக்கிறது. இவை நல்ல நூல்கள். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பவை; யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் வீட்டு அலுமாரியில் இல்லாதவை.

கள ஆய்வுக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போது முதியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, இத்தின வருஷமா வந்து எழுதிட்டுப் போறீங்க. எழுதின பேப்பர எங்களுக்கு எப்ப காட்டுவீங்க?" சமூகவியல் பேராசிரியரின் வேலை என்ன என்பதற்கு இதைவிட நேரான கேள்வியை எந்த நேர்முகத் தேர்விலும் நான் கேட்டதில்லை.

அதனால்தான் வகுப்பில் இரண்டு விடயங்களை வற்புறுத்துகிறேன். ஒன்று, கோட்பாட்டை எங்கள் கரையிலே வைத்துப் படிப்பது. துர்கைம் 1893இல் எழுதிய தொழிற்பிரிவினையைக் கரைவலையில் பார்க்கலாம்: சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுப்பவர்களுக்கு ஒரு பங்கு, மீன் விழாத நாளில் கடன். அந்தக் கடன் சம்மாட்டியையும் தொழிலாளியையும் கட்டிப்போடுவதை மாணவர் நொடியில் புரிந்துகொள்வர். இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் வரும் 'அஸபிய்யா' என்ற குழுப்பிணைப்பைப் படிக்க 1990 நல்ல இடம். அந்தப் பிணைப்பு முதல் வாரத்தில் கதவைத் திறந்தது. பத்தாவது வருடத்தில் அதே பிணைப்பு ஊர், ஊராகப் பிரிந்து நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நன்றி மட்டும் பேசினாலும், குறை மட்டும் பேசினாலும் அது வரலாறாகாது.

இரண்டாவது, எழுதியதைத் தமிழில் திருப்பிக் கொடுப்பது. இறுதி வருட ஆய்வேட்டின் சுருக்கம் ஒன்றை, ஆய்வு நடந்த ஊரின் பள்ளிவாசலுக்கோ பாடசாலைக்கோ கொடுக்கச் சொல்கிறேன். ஊர்ச்சனம் அதை வாசித்து "இது பிழை" என்று சொல்லட்டும். அதுவும் ஆய்வுதான்.

காலம் அதிகமில்லை. 1990இல் முப்பது வயதில் வள்ளமேறியவர்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள். அன்று சோறாக்கிய உம்மாமார் பலர் மௌத்தாகிவிட்டார்கள். ஜமாஅத் பதிவேடுகள், முகாம் பங்கீட்டு அட்டைகள், பாடசாலை மாலை நேர வகுப்பின் வரவுப் புத்தகங்கள், நிக்காஹ் பதிவுகள் ஆகியவை கரையோர உப்புக்காற்றில் மக்கிக்கொண்டிருக்கின்றன. வந்த சனத்தின் பிள்ளைக்கும் ஊர்ச்சனத்தின் பிள்ளைக்கும் நடந்த நிக்காஹ்கள் எத்தனை என்று அந்தப் பதிவுகள்தான் சொல்லும். சுவர் எங்கே எழுந்தது, எங்கே இடிந்தது என்பதற்கு அதைவிட நம்பத்தகுந்த ஆவணம் வேறில்லை.

இந்த ஏட்டின் வாசகர்களில் பள்ளிவாசல் நிர்வாகிகளும் அதிபர்களும் இருக்கிறீர்கள். உங்கள் அலுமாரியில் இருக்கும் பழைய கொப்பிகளை எறியவேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, ஆண்டு, ஊர் குறித்து வைத்தால் போதும். காசிச்செட்டி தனி ஆளாகச் செய்ததை நாம் சேர்ந்து செய்தால், அடுத்த தலைமுறை மாணவர் "எங்கட ஊரு எங்க?" என்று கேட்கும்போது விரிவுரையாளர் காட்டுவதற்கு ஒரு பக்கமாவது இருக்கும்.