பகைவர் மொழியில் ஒரு பாட்டு

ஜேர்மன் மொழியில் 'லீட்' என்றால் பாட்டு. பன்மையில் 'லீடர்' என்பார்கள். ஆங்கிலத்துத் தலைவருக்கும் இதற்கும் உறவில்லை. தாலாட்டும் நாட்டுப்பாடலும்கூட லீட்தான். ஆனாலும் இசையுலகில் அந்தச் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. ஒரு கவிதை, அதற்கென எழுதப்பட்ட இசை, ஒரு குரல், ஒரு பியானோ. அவ்வளவுதான். வேடமில்லை, திரையில்லை, வாத்தியக்குழு இல்லை.

1814 ஒக்டோபரில் வியன்னாவில் பதினேழு வயது ஷூபெர்ட் இந்தச் சிற்றுருவத்துக்குப் புதிய உயிர் கொடுத்தான். கதேயின் 'பௌஸ்ட்' நாடகத்தில் கிரெச்சன் என்ற பெண் இராட்டையின் முன்னிருந்து காதலனை எண்ணி ஏங்கும் கட்டம். பியானோவில் வலக்கை இராட்டையாகச் சுழல்கிறது. அவன் தந்த முத்தத்தை அவள் நினைக்குமிடத்தில் இராட்டை நின்றுவிடுகிறது. பிறகு தட்டுத்தடுமாறி மறுபடி சுழலத் தொடங்குகிறது. அவள் வாய்விட்டுச் சொல்லாததைப் பியானோ சொல்லிவிட்டது. இதைப் பக்கவாத்தியம் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தக் கலையின் வரலாற்றைப் புரட்டும்போது என்னைத் தடுத்து நிறுத்திய பெயர் எலெனா கெர்ஹாட். 1883 நவம்பர் 11 ஆம் திகதி லீப்சிக் நகரின் அயலில் பிறந்தவர். அவருடையது மெசோ-சொப்ரானோ குரல். பெண்குரலில் மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் இடைப்பட்டது. அவர் கற்றது, 1843 இல் இசைமேதை மெண்டல்சோன் நிறுவிய லீப்சிக் இசைக்கல்லூரியில். அப்போது அதன் தலைவராயிருந்தவர் ஆர்தர் நிக்கிஷ். லீப்சிக்கின் கெவண்ட்ஹவுஸ் வாத்தியக்குழுவையும் பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவையும் ஒருங்கே நடத்திவந்த பெரிய மனிதர். 1903 இல், தம் இருபதாவது பிறந்தநாளன்று, கெர்ஹாட் முதற் கச்சேரி செய்தபோது பியானோவின் முன் வந்து அமர்ந்தவர் அந்த நிக்கிஷ்! நூறு வாத்தியக்காரர்களைக் கைக்கோலால் ஆட்டிவைத்தவர், ஒரு மாணவிக்குப் பியானோ வாசித்தார்.

இருவரும் 1907 இலும் 1911 இலும் இசைத்தட்டுக்களில் பதிவு செய்தார்கள். பிற்காலத்தில் மறுபதிப்பாக வந்த அவற்றை நான் கேட்டிருக்கிறேன். ஒலிவாங்கி பயன்பாட்டுக்கு வராத காலம். பெரிய புனலொன்றின் வாயை நோக்கிப் பாடவேண்டும். அதனால் குரல் முன்னுக்கு வர, பியானோ அடுத்த அறையிலிருந்து கேட்பதுபோல் இருக்கும். ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அவருடைய முறையை இக்காலத்து ஆசிரியர்கள் பழைய பாணி என்று திருத்திவிடுவார்கள். எனக்கோ அது பேச்சுக்கு மிக நெருங்கியதாகப் படுகிறது. அவர் ஒரு சொல்லில் தயங்கினால் நிக்கிஷும் தயங்குகிறார். கட்டளையிட்டுப் பழகிய கை காத்து நிற்பதை அங்கே கேட்கலாம்.

ஷூபெர்ட் 1827 இல், இறப்பதற்கு முந்திய ஆண்டில், வில்ஹெல்ம் முல்லரின் இருபத்துநான்கு கவிதைகளுக்கு இசையமைத்தார். 'குளிர்காலப் பயணம்' என்பது அந்தத் தொகுதியின் பெயர். காதலில் தோற்றவன் ஒருவன் பனிக்காலத்தில் ஊரைவிட்டு நடந்து போகிறான். ஆணின் குரலுக்கே உரியதென்று கருதப்பட்டு வந்த அதை முழுமையாக மேடையேற்றிய முதற் பெண்களில் கெர்ஹாட்டும் ஒருவர். 1931 இல் லண்டனில், ஹூகோ வொல்ஃபின் பாடல்களைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு சங்கம் அமைத்து, முன்கூட்டியே சந்தாப் பணம் சேர்த்தார்கள். முதல் தொகுதியைப் பாட அழைக்கப்பட்டவரும் அவரே. சந்தாக்காரரில் கணிசமானோர் யப்பானியர் என்பது எனக்கு வியப்பளித்த செய்தி.

ஊரைவிட்டு நடப்பது அவருக்கும் நேர்ந்தது. அவருடைய கணவர் பிரிட்ஸ் கோல், லீப்சிக் வானொலியின் இயக்குநராயிருந்தவர். 1933 இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் முதலில் கைப்பற்றியவற்றுள் வானொலியும் ஒன்று. கோல் கைது செய்யப்பட்டார். 1934 இல் கெர்ஹாட் லண்டனில் குடியேறினார். 1936 நவம்பரில், கெவண்ட்ஹவுஸ் முன்னால் நின்ற மெண்டல்சோன் சிலையை, அவர் யூதகுலத்தவர் என்பதற்காக, நகரபிதா வெளியூர் சென்றிருந்த வேளையில் அகற்றினார்கள். கெர்ஹாட் படித்த கல்லூரியைக் கட்டியவருக்கே அந்த ஊரில் இடமில்லாமற் போயிற்று.

1939 இல் போர் மூண்டது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்களைப் பாதுகாப்பாக வெளியூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சுவர்கள் வெறுமையாயின. மண்டபங்கள் மூடப்பட்டன. பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் அங்கே நண்பகற் கச்சேரிகள் வைக்க அனுமதி கேட்டார். அவரும் யூதப் பெண்மணியே. ஒக்டோபர் 10 ஆம் திகதி முதற் கச்சேரி. நுழைவுக்கட்டணம் ஒரு ஷில்லிங். ஆயிரம் பேரளவில் திரண்டு வந்தார்கள். 1946 வரை ஆறரை ஆண்டுகள், திங்கள் முதல் வெள்ளி வரை, குண்டு விழுந்த காலத்திலும் நிலவறையில் தொடர்ந்து, 1,698 கச்சேரிகள் நடந்தன. கேட்டவர் தொகை எட்டு லட்சத்துக்கு மேல்.

கெர்ஹாட் அங்கே பாடினார். எந்த மொழியில் என்பதுதான் விடயம். முதலாம் உலகப் போரில், 1917 இல், நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒபெரா ஜேர்மன் படைப்புகளையே விலக்கியது. இரண்டாம் போரில் பி.பி.சி. வானொலியும் ஜேர்மன் மொழிப் பாட்டை ஒலிபரப்ப விரும்பவில்லை. அப்பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடப்பட்டன. அதற்கும் நியாயம் உண்டு என்பேன். முதல்நாள் இரவு குண்டுவீச்சில் வீட்டை இழந்தவன், மறுநாள் வானொலியைத் திருப்பியதும் அந்த மொழியைக் கேட்க நேர்வது இலேசான காரியமல்ல.

ஆனால் அந்த வெற்றுச் சுவர்களுக்கிடையில், லண்டன் மக்களின் முன்னே, ஐம்பத்தைந்து வயது கடந்த அந்த அம்மையார் தம் தாய்மொழியிலேயே பாடினார். மக்கள் கேட்டார்கள். கதேயும் ஷூபெர்ட்டும் ஹிட்லருக்குச் சொந்தமானவர்களல்ல என்று அங்கே எவரும் சொற்பொழிவாற்றவில்லை. மொழிபெயர்த்தால் இந்தப் பாடல்கள் பாதி செத்துவிடும் என்பதைக் கேட்டவர்களும் உணர்ந்திருப்பார்கள் என்றே எண்ணுகிறேன். சொல்லின் ஓசைக்குத்தானே பியானோ பதில் சொல்கிறது? ஓசையை மாற்றினால் அது யாருக்குப் பதில் சொல்லும்?

லண்டனில் அவருக்குப் பலமுறை பியானோ வாசித்த ஜெரால்ட் மூர், 1943 இல் தம் கலையைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பிலேயே தம்மை 'வெட்கப்படாத பக்கவாத்தியக்காரன்' என்று குறிப்பிட்டுக்கொண்டார். நிக்கிஷ் உயிரோடிருந்தால் சிரித்திருப்பார். அவர் 1922 இலேயே மறைந்துவிட்டார்.

பழைய கெவண்ட்ஹவுஸ் நேசநாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அழிந்தது. எஞ்சிய சுவர்களும் 1968 இல் இடிக்கப்பட்டன. லண்டனில் பாட்டுக் கற்பித்து வாழ்ந்த கெர்ஹாட் 1961 ஜனவரியில் அங்கேயே காலமானார். மெண்டல்சோன் சிலையின் பிரதியொன்று 2008 இல் லீப்சிக் நகரத்துத் தோமஸ் தேவாலயத்தின் அருகே நிறுவப்பட்டது.