எடுத்ததும் கொடுத்ததும்: நெய்வேலி நிலத்தின் வாரிசுகள்

1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, எல்லை குறிக்கச் சங்கிலி பிடிக்கவில்லை. பீரங்கியைச் சுட்டார்கள். குண்டு போய் விழுந்த தூரம்வரை கம்பெனிக்குச் சொந்தம். அப்படி அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பேர். வித்தவனும் உழுதவனில்லை, வாங்கினவனும் உழப்போறவனில்லை. கடலூர் வரலாற்றில் இது ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது.

பீரங்கி செய்ததைப் பிறகு 1894ஆம் வருஷச் சட்டம் செய்தது. 'பொது நோக்கம்' என்று அறிவித்தால் போதும். அறிவிப்பு நாளின் சந்தை விலை, கட்டாயமாக எடுப்பதற்கு ஆறுதலாக 15 சதவீதம் (1984இல்தான் 30 ஆனது). 1956இல் நெய்வேலி நிறுவனம் பதிவாகி, 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தபோது இருந்த சட்டம் இதுதான். எடுத்த பிறகு நிலம் எந்தப் பயனுக்குப் போகிறதோ, அதனால் கூடும் மதிப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது அதன் 24ஆம் பிரிவு. அதாவது, மேலே இருக்கும் மல்லாட்டைக் கொல்லைக்கு விலை உண்டு. கீழே கிடக்கும் பழுப்பு நிலக்கரியை வைத்து விலை கேட்க முடியாது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். அரசாங்கத் தமிழ் இதை ஒளிவுமறைவில்லாமல் 'நில எடுப்பு' என்கிறது. ஆனால் நெய்வேலி சுற்றுவட்டாரத்தில் பறிகொடுத்தவர்கள் தங்களை 'நிலம் கொடுத்தவங்க' என்கிறார்கள். இதை வெறும் ஏமாளித்தனம் என்று தள்ளிவிட முடியாது. எடுக்கப்பட்டவனுக்கு விலையோடு கணக்கு முடிந்தது. கொடுத்தவனுக்கோ முடியவில்லை, கொடுக்கல் வாங்கலில் பாக்கி நிற்கிறது, பேரன் வந்தும் கேட்கலாம். நிரந்தர வேலை என்கிற கோரிக்கை பல பத்தாண்டுகளாக இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. நிறுவனம் காட்டுவது ரசீதை. இவர்கள் பேசுவது உறவை.

ஆனால் இந்தச் சொல்லுக்குள்ளும் ஒரு வேலி இருக்கிறது. கொடுத்தவன் என்று சொல்லப் பட்டா வேணும், வாரிசுச் சான்றிதழ் வேணும். வாய்மொழிக் குத்தகைக்காரன், பண்ணையாள், களத்துமேட்டுக் கூலியை நம்பிப் பிழைத்த சேரிக் குடும்பம் எதைக் கொடுத்ததாகச் சொல்ல முடியும்? கோபாலகிருஷ்ண பாரதியின் கதையில் நந்தன் சிதம்பரம் போவதற்கு முன்னால் வேதியரின் நாற்பது வேலியும் விளைந்தாக வேண்டும். (பெரியபுராணத்தில் இந்த வேதியரே கிடையாது என்பதையும் சொல்லி வைக்கலாம்.) அந்த நாற்பது வேலியை நாளை சுரங்கத்துக்கு எடுத்தால், நஷ்டஈட்டு வரிசையில் நிற்பது வேதியரின் பேரன்தான். நந்தனின் பேரன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? 2013ஆம் வருஷச் சட்டம் குத்தகைதாரரையும் கூலியாட்களையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் இரண்டு தலைமுறை போய்விட்டது.

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. 2006லிருந்து 2013க்குள் எடுத்து நஷ்டஈடும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். காகிதப்படி அது நிறுவனத்தின் நிலம். அத்தனை வருஷமும் அதில் நட்டு அறுத்துக்கொண்டிருந்தவர்கள் ஊர்க்காரர்கள். சென்னை உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது. அந்த நெல்லை நட்ட கைகளுக்கு, அறுப்புக்கூலி போனதற்கு, எந்தத் தொகையும் பேசப்படவில்லை.