கதிரையைத் தள்ளுவது யார்?

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுக்க ஊரில் நிதி சேர்க்கும் பேச்சு நடக்கிறது. மிக நல்ல விடயம். எத்தனை கதிரை, எந்தக் கடை, எந்த நாளில் கையளிப்பு என்றெல்லாம் பேசியாகிவிட்டது. எந்த மாதிரிக் கதிரை என்று மட்டும் இன்னும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கதிரை என்றால் கதிரைதானே என்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். நானூறு வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு கதை இதற்குப் பின்னால் இருக்கிறது.

1595ஆம் ஆண்டு வரைந்த ஒரு கதிரையின் படம் இருக்கிறது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் கதிரை. அந்தலூஸில் எஞ்சியிருந்த முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் அரபு மொழி பேசுவதையே தடைசெய்த அதே பிலிப்தான். கடைசிக் காலத்தில் மூட்டு நோயால் அவரால் நடக்க முடியாமல் போனது. அவருக்காக முதுகைச் சரித்துக்கொள்ளவும் காலை நீட்டிக்கொள்ளவும் கூடிய மெத்தைக் கதிரை ஒன்றைச் செய்து, அதன் கால்களில் சின்னச் சக்கரங்களைப் பூட்டினார்கள். கதிரை சொகுசானதுதான். ஆனால் அதில் இருப்பவர் தன் கையால் ஒரு சாண் தூரமும் நகர முடியாது. பாதி உலகத்தை ஆண்டவர், அடுத்த அறைக்குப் போவதற்கு வேலைக்காரனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அறுபது வருடம் கழித்து, ஜேர்மனியில் நூரம்பேர்க் நகருக்குப் பக்கத்தில் அல்ட்டோர்ஃப் என்ற சின்ன ஊரில் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்றொரு மணிக்கூட்டுத் தொழிலாளி இருந்தார். நடக்க முடியாதவர். 1655இல், அவருக்கு 22 வயதாக இருக்கும்போது, மூன்று சக்கர வண்டியொன்றைத் தனக்குத்தானே செய்துகொண்டார். முன்சக்கரத்தில் பற்சக்கரங்கள், அதைச் சுற்றக் கைப்பிடி. மணிக்கூட்டுக்குள் இருப்பதைத்தான் பெரிதாக்கி வண்டிக்குள் வைத்தார். சைக்கிள் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னால் நடந்த வேலை இது. அரசருக்கு இல்லாத ஒன்று இந்தத் தொழிலாளிக்குக் கிடைத்தது: நினைத்த நேரத்தில் வெளியே போகலாம், திரும்பி வரலாம், யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

இந்த இரண்டு கதிரைகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை ஒன்றில் பிலிப்பின் கதிரையின் பிள்ளைகள், அல்லது ஃபார்ஃப்ளரின் கதிரையின் பிள்ளைகள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்போன பாத் நகரில் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் சக்கரக் கதிரைகள் பிரபலமாயின. 1783இல் ஜோன் டோசன் என்பவர் அவற்றைச் செய்து விற்றார். உள்ளே இருப்பவருக்கு முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு கம்பி உண்டு. போவதா நிற்பதா என்பதோ பின்னால் தள்ளுபவரின் விருப்பம். அதுவும் பிலிப்பின் பிள்ளைதான்.

அமெரிக்காவில் ஹேர்பட் எவரெஸ்ட் என்ற சுரங்கப் பொறியியலாளர் சுரங்க விபத்தொன்றில் முதுகெலும்பு உடைந்து நடக்க முடியாமல் போனார். அந்தக் காலத்துக் கதிரைகள் மரத்தாலும் பிரம்பாலும் செய்த பாரமான சாமான்கள். மடிக்க முடியாது, காரில் ஏற்ற முடியாது. வீட்டை விட்டு எங்கும் போகாதே என்று சொல்வது மாதிரி. அவருடைய நண்பர் ஹரி ஜெனிங்ஸ் இயந்திரப் பொறியியலாளர். இருவரும் சேர்ந்து உருக்குக் குழாய்களை இருக்கைக்குக் கீழே கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்காகப் பூட்டினார்கள். இருக்கைத் துணியை மேலே இழுத்தால் கதிரை ஒடுங்கிவிடும், காரில் ஏற்றிவிடலாம். 1933இல் லொஸ் ஏஞ்சலிஸில் இருவரும் கம்பனியே தொடங்கிவிட்டார்கள். இன்று எமது வைத்தியசாலை வாட்டுகளில் நிற்கும் மடிக்கும் கதிரைக்கு மூலம் அந்த வேலைதான்.

கதை அதோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம், முடியவில்லை. விற்பனை பெருகியதும் அந்தக் கம்பனியே சந்தையைப் பிடித்துக்கொண்டது. கதிரை அதே மாதிரி, அதே இருபது கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தில், பல பத்தாண்டுகள் நின்றுவிட்டது. போட்டியை அடக்கி விலையை உயர்த்தி வைத்திருப்பதாக 1977இல் அமெரிக்க நீதித் திணைக்களம் அவர்களுக்கு எதிராக வழக்கே போட்டது. கஷ்டப்பட்டவர் ஒருவர் கண்டுபிடித்த பொருளும் வியாபாரமானால் இப்படித்தான் போலும்.

மீண்டும் மாற்றம் வந்ததும் கதிரையில் இருந்த ஒருவரிடமிருந்துதான். மரிலின் ஹமில்டன் என்ற பெண், பெரிய பட்டம் போன்ற இறக்கையில் தொங்கிப் பறக்கும் விளையாட்டில் ஈடுபட்டவர், 1978இல் விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கதிரையைப் பார்த்து அவருக்கு எரிச்சல். பறக்கும் இறக்கை செய்கிற நண்பர்கள் இருவரிடம், அதே அலுமினியக் குழாயில் எனக்கொரு கதிரை செய்து தாருங்கள் என்றார். வந்த கதிரை ஏறக்குறைய 12 கிலோ. பழையதின் பாதிதான். விரும்பிய நிறத்திலும் கிடைத்தது. நிறம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகள் சைக்கிள் வாங்கும்போது முதலில் பார்ப்பது என்ன?

எங்கள் ஊருக்கு மிகக் கிட்டிய கதை ரால்ஃப் ஹொட்ச்கிஸ் என்பவருடையது. 1966இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் கதிரையில் வாழ்ந்த அமெரிக்கப் பொறியியலாளர். 1980இல் நிகரகுவாவுக்குப் போனார். அங்கே நான்கு இளைஞர்கள் ஒரேயொரு கதிரையை முறைவைத்துப் பயன்படுத்தியதைக் கண்டார். அது உடைய உடைய அவர்களே திருத்திக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் செய்த கதிரை ஆஸ்பத்திரியின் வழுக்கும் தரைக்குச் சரி, கிறவல் ரோட்டுக்குத் தாங்காது என்பது அவருக்கு விளங்கியது. அதன் பிறகு உள்ளூர்ப் பட்டறையில், உள்ளூர்க் கம்பியில், சைக்கிள் கடையில் கிடைக்கும் பாகங்களில் செய்யக்கூடிய கதிரைகளை அந்தந்த நாட்டுக் கதிரைப் பாவனையாளர்களோடு சேர்ந்து உருவாக்கினார். அவற்றின் முன்சக்கரம் சிம்பாப்வேயில் பிறந்தது. அகலமானது, மெதுவான றப்பர். மணலில் புதையாது, கல்லில் முட்டிக் குப்புறக் கவிழ்க்காது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கதிரையின் முன்சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒல்லியானது, கல்லுப் போல இறுகியது. கடற்கரைப் பக்க ஒழுங்கையில் அது என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி எங்கள் வீடுகளுக்கு வருவோம். எங்களுக்குத் தெரிந்த பல வீடுகளில் கதிரை இருக்கிறது. அறை மூலையில், மடித்து, மேலே உடுப்புப் போட்டு. மூத்தாப்பாவோ மூத்தம்மாவோ பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறார். கொடுத்த கதிரையைப் பாவிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று கொடுத்தவர்கள் குறைப்படுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். 18 அங்குல இருக்கையுள்ள கதிரையின் மொத்த அகலம் 25 அங்குலம் அளவில் வரும். எங்கள் வீட்டு மலசலகூடக் கதவு எத்தனை அங்குலம்? உள்ளே போகாத கதிரை காலையில் முதல் தேவைக்கே உதவாது. எட்டு வயதுப் பிள்ளையை அதே 18 அங்குலக் கதிரையில் இருத்தினால் ஒரு பக்கம் சரிந்தே வளரும். உணர்ச்சியில்லாத உடம்பை மெத்தையில்லாத துணியில் நாள் முழுக்க இருத்தினால் அழுத்தப் புண் வரும். அந்தப் புண் ஆழமாகிக் கிருமி பரவினால் மௌத்து வரைக்கும் போகும். இது பயமுறுத்தலல்ல, முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களைப் பார்க்கும் எந்தத் தாதியையும் கேளுங்கள்.

இதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் 2008இல் வசதி குறைந்த நாடுகளுக்கென்று கதிரை வழங்கும் வழிகாட்டியொன்றை வெளியிட்டது. அளவெடுப்பது, உடம்புக்குப் பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பின்னர் வந்து திருத்திக் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். மேடை, பொன்னாடை, படம் எடுப்பது பற்றி அதில் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வெளியே இன்னொரு பிரச்சினை, படிகள். எமது நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சட்டம் புத்தகத்தில் இருந்தது, படி வாசலில் இருந்தது. அதை உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் காரின் மேல் மரம் விழுந்ததில் கதிரைக்கு வந்தவர். 2011இல் நீதிமன்றம் அவர் கேட்டபடி கட்டளையிட்டது. இங்கேயும் கதிரையில் இருந்தவர்தான் போக வேண்டியிருந்தது.

எங்கள் பாடசாலையின் புதிய கட்டடத்தில் சாய்தளம் ஒன்று இருக்கிறது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது உலகெங்கும் வழக்கிலுள்ள அளவு. எங்களுடையது அதில் பாதி நீளமும் இல்லை. பிள்ளைகள் சறுக்கி விளையாட நல்லது. பள்ளிவாசலிலும் வுழூச் செய்யும் இடத்துக்கு மூன்று படி இறங்க வேண்டும். ஜும்ஆவுக்கு வர ஆசைப்படும் வாப்பாமாரை இரண்டு பேர் கதிரையோடு தூக்குகிறார்கள். தூக்குகிறவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவான். ஆனால் ஒவ்வொரு வாரமும் தன்னைத் தூக்கச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டு வீட்டிலேயே லுஹர் தொழுதுகொள்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று அயலவர்களுக்குத் தெரியும்.

சேரும் பணத்தில் இருபது கதிரை வாங்கலாம் என்கிறார்கள். அளந்து, மெத்தையோடு, எங்கள் ரோட்டுக்கு ஏற்ற சக்கரத்தோடு வாங்கினால் எட்டோ ஒன்பதோதான் வரும் என்பது எங்கள் கணக்கு. எண்ணிக்கை குறைந்தாலும் எட்டே போதும் என்பது எங்கள் கருத்து. மிச்சப் பேருக்கு அடுத்த வருடமும் சேர்க்கலாம். தியூப், டயர், பெயாரிங் மாற்றச் சந்தியிலுள்ள சைக்கிள் கடையோடு இப்போதே பேசிவைக்கலாம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், பேசுவோம்.

கூட்டம் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு. கதிரை தேவைப்படுபவர் வீட்டில் இருந்தால் மூன்று அளவுகளை எழுதிக் கொண்டுவாருங்கள்: இருக்கும்போது இடுப்பின் அகலம், முழங்காலின் பின்புறத்திலிருந்து குதி வரை, மலசலகூடக் கதவின் அகலம். அவர் எங்கே போக ஆசைப்படுகிறார் என்பதை அவரிடமே கேட்டு நான்காவதாக எழுதுங்கள். அளவு நாடா இல்லாத வீடுகளுக்கு உயர்தர வகுப்பு மாணவர்களை வியாழன் மாலை அனுப்புகிறோம்.