நிசான்: பக்கத்து ஊரில் பிறந்த ஜப்பான் கார்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரகடம். அஸ்தினாபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் இருக்கும். ராயல் என்ஃபீல்டு, பாரத்பென்ஸ் லாரி என்று பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றோடு 2010 முதல் நிற்பது ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை. ஆனால் நம் தெருவில் நின்றுகொண்டு போகிற வருகிற கார்களை எண்ணிப் பாருங்கள். மாருதி, ஹூண்டாய், டாடா என்று கை விரல்கள் தீர்ந்துபோகும்; நிசான் வர நேரமாகும். வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் செய்கிற காரை நாம் ஏன் வாங்கவில்லை என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. 2025-ல் அந்தத் தொழிற்சாலையில் தனக்கிருந்த 51 சதவீதப் பங்கை நிசான் ரெனோவிடமே விற்றுவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கதையை ஒருமுறை முழுதாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கதை ஜப்பானில் 1911-ல் தொடங்குகிறது. ஹாஷிமோட்டோ மசுஜிரோ என்ற பொறியாளர் டோக்கியோவில் ஒரு சிறிய கார் பட்டறை ஆரம்பித்தார். பணம் கொடுத்தவர்கள் மூன்று பேர்: டென், அவோயாமா, டாகேயுச்சி. 1914-ல் வந்த காருக்கு அந்த மூன்று பேரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘டாட்’ என்று பெயர் வைத்தார். நம் ஊரில் கடைக்குப் பிள்ளைகள் பெயரைச் சேர்த்து வைப்பது போலத்தான். 1931-ல் அதைவிடச் சிறிய கார் ஒன்று செய்தார்கள். ஓட்டுநர் உரிமமே இல்லாமல் ஓட்டலாம் என்று அரசு விட்டிருந்த அளவில் செய்த கார் அது. டாட்டின் மகன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘டாட்சன்’ என்றார்கள். ஆனால் ஜப்பானிய மொழியில் ‘சோன்’ என்றால் நஷ்டம். வியாபாரத்தில் அப்படி ஒரு பெயரா என்று பயந்து, அடுத்த வருடமே கடைசிப் பாதியைச் சூரியனாக்கி ‘டாட்சுன்’ ஆக்கினார்கள். எண் கணிதம் பார்த்துப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டுகிறவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை.

இதற்குள் ஐகாவா யோஷிசுகே என்ற தொழிலதிபர் அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டார். அமெரிக்காவில் இரும்பு வார்ப்பு வேலை கற்று வந்தவர். அவருடைய தாய்க் கம்பெனியின் பெயர் நிஹோன் சாங்யோ, அதாவது ஜப்பான் தொழில். அதன் சுருக்கம்தான் நிசான். 1934-ல் கார் கம்பெனிக்கும் அதே பெயர் வந்தது. யோகோஹாமாவில் ஆலை கட்டி, 1935-ல் கன்வேயர் வரிசையில் கார்களை இறக்க ஆரம்பித்தார்கள்.

எனக்குச் சுவாரசியமான பகுதி யுத்தத்துக்குப் பிறகு வருவது. தோற்றுப்போன நாடு, கார் தொழில்நுட்பத்தில் பின்தங்கிய கம்பெனி. 1952-ல் நிசான் பிரிட்டனின் ஆஸ்டின் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. முதலில் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக ஜப்பானிலேயே செய்யக் கற்றுக்கொண்டு, 1956-லேயே முழுக் காரையும் உள்நாட்டுப் பாகங்களால் செய்துவிட்டார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வெள்ளைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தங்கள் காரைத் தாங்களே வரைய ஆரம்பித்தார்கள்.

அதே காலத்தில் நாமும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தோம். அம்பாசடருக்கு மூலம் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. ஆஸ்டினும் மாரிஸும் 1952-ல் ஒரே கம்பெனியாகச் சேர்ந்தவை. இன்னும் பக்கத்தில் வந்தால், நம் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் இருந்தது. கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு கார்களை இங்கே கொண்டுவந்து பூட்டியவர்கள். 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. தாம்பரம் பக்கம் வயதானவர்களைக் கேட்டால் அந்த ஆலைச் சங்கு நேரத்தைச் சொல்வார்கள். இரண்டு கதவு ஹெரால்டை நான்கு கதவாக்கியது நம் ஆட்களின் வேலை. திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை கார் செய்யலாம், எதை இறக்குமதி செய்யலாம் என்பதெல்லாம் டெல்லியில் முடிவான காலம் அது. ஒரு காருக்கு வருடக்கணக்கில் வாடிக்கையாளர் காத்திருந்தால் அதை மேம்படுத்த யாருக்கு அவசரம்? 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000-க்கு மேலே ரோவரின் நவீன உடம்பு, உள்ளே பழைய வேன்கார்டு காலத்து இன்ஜினின் வழிவந்த ஒன்று. அதோடு கதை முடிந்தது. இன்று அந்த இடத்தில் கணினிக் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

நிசான் போன வழி வேறு. தரக் கட்டுப்பாட்டுக்கு ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை 1960-ல் வாங்கியது. (நம் பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டன் அந்தப் பரிசை 1998-ல் வாங்கியது, இந்தியாவில் அதுதான் முதல்.) 1970-லும் 71-லும் கிழக்கு ஆப்பிரிக்காவின் கரடுமுரடான சஃபாரி ராலியில் டாட்சுன் கார்கள் முதலிடம் பிடித்தன. ஜப்பான் கார் என்றால் தகர டப்பா என்று கேலி பேசிய வாய்கள் அதன்பிறகு கொஞ்சம் மூடின.

இந்தியாவுக்கு நிசான் 2010-ல்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு 40 வருடம் முன்பே வந்துவிட்டது, வேறு வேஷத்தில். ராணுவத்தின் ‘ஜோங்கா’ ஞாபகம் இருக்கிறதா? ஜபல்பூர் ராணுவ வாகன ஆலையில் செய்த அந்த வண்டி, நிசான் பேட்ரோல்தான். பெயர் மட்டும் ஜபல்பூரின் ஆங்கில எழுத்துச் சுருக்கம். தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியையும் சுற்றி வளர்ந்தவர்களுக்கு ஜோங்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அடுத்து 1985-ல் பிரீமியர் 118 என்.இ. உடம்பு ஃபியட், இன்ஜின் நிசான் ஏ12. பத்மினி ஓட்டிப் பழகியவர்கள் அதில் உட்கார்ந்ததும் கியர் விழுகிற சுகத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். ஹைதராபாத்தில் ஆல்வின் நிசான் என்ற சிறு லாரியும் எண்பதுகளில் வந்தது. ஆக நிசான் இன்ஜினைப் பற்றி இந்தியாவில் யாரும் குறை சொன்னதில்லை. வண்டியின் நெற்றியில் நிசான் என்று பெரிதாக எழுதவில்லை, அவ்வளவுதான்.

இடையில் ஜப்பானில் கம்பெனி நொடித்துப்போனது. தொண்ணூறுகளின் கடைசியில் கழுத்து மட்டும் கடன். 1999-ல் பிரான்ஸின் ரெனோ 36.8 சதவீதப் பங்கை வாங்கி, கார்லோஸ் கோன் என்பவரை அனுப்பியது. ஐந்து ஆலைகளை மூடி 21,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்து, அவர் கம்பெனியை லாபத்துக்குக் கொண்டுவந்தார். அதே கோன் 2018 நவம்பரில் டோக்கியோவில் கைதாகி, அடுத்த வருடக் கடைசியில் ஜாமீனில் இருந்தபோது ஒரு பெட்டிக்குள் ஒளிந்து லெபனானுக்குத் தப்பினார். அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

ஒரகடம் ஆலை கோன் காலத்துக் குழந்தை. முதலில் மஹிந்திராவும் கூட்டில் இருந்தது, 2008 தொடக்கத்தில் விலகிக்கொண்டது. கருணாநிதி முதல்வராக இருந்தபோது அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி, 4,500 கோடி ரூபாய் முதலீட்டில், வருடத்துக்கு 4 லட்சம் கார் செய்யும் திறனோடு 2010 மார்ச்சில் திறந்தார்கள். ஜூலையில் மைக்ரா. 2011-ல் சன்னி. 2013-ல் டெரானோ. ஒரகடத்து மைக்ரா பிரிட்டன் வரை போனது. லண்டன் மகன் வீட்டுக்குப் போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் அங்கே தெருவில் பார்த்த அந்தக் கால மைக்ராக்கள் படப்பைக்கு அந்தப் பக்கம் பிறந்தவை. எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாக நிசான் ஏற்றுமதி செய்த கார்களின் எண்ணிக்கை 2022-ல் 10 லட்சத்தைத் தொட்டது.

உலகத்துக்குச் செய்து அனுப்பிய கம்பெனி உள்ளூரில் ஏன் தடுமாறியது? என் கணிப்பில் முதல் காரணம் கடை. விற்பனையையும் சந்தைப்படுத்தலையும் முதலில் வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். 2014-ல் அந்த உறவு சண்டையில் முறிந்தது. மாருதிக்காரர் எந்தச் சிற்றூரில் நின்றாலும் ஒரு மெக்கானிக் வருவார் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதைக் கட்ட 30 வருடம் ஆனது. இரண்டாவது காரணம் டாட்சுன். மறைந்துபோன அந்தப் பெயரை மலிவு விலைக் காருக்காக 2014-ல் உயிர்ப்பித்தார்கள். அதே நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் டாட்சுன் கோ பூஜ்யம் நட்சத்திரம் வாங்கியது. அந்தக் காரைச் சந்தையிலிருந்தே எடுத்துவிடும்படி அந்த அமைப்பின் தலைவர் கோனுக்குக் கடிதம் எழுதினார். மலிவு என்ற பெயரோடு ஆபத்து என்ற பெயரும் சேர்ந்தால் நடுத்தரக் குடும்பம் எப்படி வாங்கும்? 2022-ல் டாட்சுனை இந்தியாவில் நிறுத்தினார்கள். நஷ்டம் என்ற சொல்லுக்குப் பயந்து பெயரை மாற்றினவர்களை 90 வருடம் கழித்து அது வந்து பிடித்துக்கொண்டது.

அரசோடும் வழக்கு. வர வேண்டிய சலுகைத் தொகை வரவில்லை என்று நிசான் சர்வதேச நடுவர் மன்றம் வரை போய், 2020-ல் சமரசமானது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், உயிருக்குப் பயந்த தொழிலாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆலை சில நாள் மூடியது.

வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? நடைப்பயிற்சிக் கூட்டத்தில் நிசான் வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. அவர்கள் பேச்சில் ஒரு ஒற்றுமை. டீசல் மைக்ராக்காரர் மைலேஜைச் சொல்வார், குரோம்பேட்டைச் சந்துகளில் ஒரே மடக்கில் திரும்புவதைச் சொல்வார். சன்னிக்காரர் பின் இருக்கையில் கால் நீட்டி உட்காரலாம் என்பார். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. ஏ.சி. பற்றி எல்லோருக்கும் நல்ல வார்த்தை. குறை என்று கேட்டால் காரைப் பற்றி வராது. விற்கப் போனால் விலை இல்லை, சர்வீஸ் சென்டர்கள் குறைவு என்பார்கள். துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்து திரும்பியவர்களிடம் இந்தப் பேச்சே எடுபடாது. அவர்களுக்கு நிசான் என்றால் பாலைவனத்தில் நிற்காத பேட்ரோல். இலங்கைத் தமிழ் நண்பர்களுக்கு சன்னி என்றால் குடும்பத்தில் ஒருவர். ‘டாக்டர் சன்னி’ என்று ஒரு மாடலுக்கு அங்கே பட்டப்பெயரே உண்டு. கார் அதே கம்பெனிதான். அங்கெல்லாம் ஊருக்கு ஊர் உதிரிபாகக் கடையும் பழகிய மெக்கானிக்கும் உண்டு, இங்கே இல்லை.

2020 டிசம்பரில் வந்த மேக்னைட் கம்பெனியைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தியது. நடுவில் ஒரு காலம் இந்தியாவில் அவர்கள் விற்ற ஒரே மாடல் அதுதான். ஜப்பானில் மறுபடி நெருக்கடி: ஹோண்டாவோடு சேரும் பேச்சு 2025 பிப்ரவரியில் முறிந்தது, 20,000 வேலைகள் குறைப்பு, 17 ஆலைகளை 10 ஆக்கும் திட்டம். ஒரகடத்துப் பங்கை விற்றது அந்த வருடம்தான். கார் செய்வது நிற்கவில்லை. ரெனோ ஆலையில் நிசானுக்கும் செய்து கொடுப்பார்கள்.

இந்தச் செய்தி வந்தபோது மைக்ராக்காரர் கேட்டது ஒன்றுதான்: இனி பாகம் கிடைக்குமா? அவருடைய டீசல் இன்ஜின் ரெனோவின் கே9கே. டஸ்டரிலும் மஹிந்திரா வெரிட்டோவிலும் அதே இன்ஜின்தான், அதனால் இன்ஜின் பாகத்துக்குப் பயமில்லை என்று தெரிந்த மெக்கானிக் சொல்லியிருக்கிறார். கதவுக் கண்ணாடியும் பம்பரும்தான் தேட வேண்டியிருக்கும். பதிவுக் காலம் 15 வருடம் முடிகிறது. பசுமை வரி கட்டி இன்னும் ஐந்து வருடம் புதுப்பிக்கலாம் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கான காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.