பூனை நீரிழிவு: வீட்டில் குருதிச் சீனியை அளத்தல்

நீரிழிவு கண்ட பூனையின் குருதியிலுள்ள குளுக்கோசை வளர்ப்பவரே குளுக்கோமீட்டரால் அளந்து குறித்துவைப்பது, பூனை நீரிழிவுச் சிகிச்சையின் முக்கிய அங்கம். முதல் சில மாதங்களில் இதன் பயன் மிகப் பெரிது. இன்சுலின் தொடங்கும்போது சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். நோய் தணிந்து, இன்சுலினே தேவைப்படாத நிலைக்குப் பூனை திரும்பும் வாய்ப்பும் அந்த மாதங்களிலேயே அதிகம்.

பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. நடுவயதைக் கடந்த, உடல் பருத்த, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. ஓயாமல் தண்ணீர் குடிப்பதும், நிறையச் சிறுநீர் கழிப்பதும், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவதும் முதல் அறிகுறிகள்.

ஆரோக்கியமான பூனையின் குருதிச் சீனி டெசிலீற்றருக்குச் சுமார் 70 முதல் 150 மில்லிகிராம். பயந்த பூனையில், நீரிழிவே இல்லாவிட்டாலும், இது 300ஐத் தாண்டலாம். உதாரணமாக, குச்சவெளி, திருகோணமலை நகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீற்றரில், புல்மோட்டை வீதியிலுள்ள கரையோர ஊர். அங்கிருந்து பெட்டியில் அடைத்து பஸ்ஸிலோ ஓட்டோவிலோ நகருக்குக் கொண்டுபோன பூனையின் குருதி, நோயோடு பயணத்தின் பயத்தையும் சேர்த்தே காட்டும். இலங்கையின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. விசேட பரிசோதனைக்கு அதன் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். அன்றாடம் இன்சுலினைச் சரிபார்க்க அவ்வளவு தூரம் போய்வர முடியாது. பூனை வழக்கமாகப் படுக்கும் இடத்தில், பழகிய கை எடுத்த அளவே வைத்தியருக்குக் கூடுதலாக உதவும். முன்னைய ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும் புரக்டோசமைன் பரிசோதனை பயத்தால் மாறாது. ஆனால் இன்று மதியம் சீனி எவ்வளவுக்கு இறங்கியது என்பதை அது சொல்லாது.

குருதி எடுக்க உகந்த இடம் காதின் வெளி ஓரம். அங்கே மெல்லிய நாளம் ஒன்று ஓரத்தை ஒட்டி ஓடுகிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சற்று நேரம் காதில் வைத்தால் குருதி ஓட்டம் கூடும். பிறகு ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். ஈரம் இருந்தால் துளி பரவி அளவு பிழைக்கும். காதின் மறுபக்கம் மடித்த பஞ்சைப் பிடித்துக்கொண்டு, நாளத்துக்கும் ஓரத்துக்கும் இடையே புது ஊசியால் குத்த வேண்டும். வாசலீனை மிக இலேசாகப் பூசியிருந்தால் குருதி மயிரில் பரவாமல் மணிபோலத் திரளும். குளுக்கோமீட்டரின் பரிசோதனைப் பட்டியின் நுனியைத் துளியில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பின் பஞ்சால் சற்று நேரம் அழுத்தி, அவித்த மீன் துண்டொன்றைக் கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் அது கிடைத்தால், குளுக்கோமீட்டரைக் கண்டதும் தானாக வந்து உட்காரும் பூனைகள் உண்டு.

பாமசியில் வாங்கும் மனிதர் குளுக்கோமீட்டர் பூனையில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மனிதக் குருதியில் குளுக்கோசின் கணிசமான பங்கு செங்கலங்களிலும் இருக்க, பூனையில் ஏறக்குறைய முழுவதும் திரவவிழையத்திலேயே இருப்பது காரணம். ஆகவே எந்தக் கருவி என்பதை வைத்தியரிடம் சொல்லி, அதையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். உப்புக்காற்றும் ஈரப்பதமும் பட்டிகளைக் கெடுக்கும் கரையோரத்தில், போத்தல் மூடியை உடனுக்குடன் இறுக்குவது அவசியம். கச்சான் காற்று வீசும் வெப்ப மாதங்களில் இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைக்கலாம். உறைபெட்டியில் ஒருபோதும் வைக்கக்கூடாது.

ஊசி போடுமுன் காலையும் மாலையும் அளப்பது குறைந்தபட்சம். இன்சுலின் அளவை மாற்றும் முன், இரண்டு மணிக்கொரு முறை 12 மணிநேரம் அளந்து சீனியின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பர். தாழ்ந்த புள்ளி 80 முதல் 150 வரை இருப்பது பொதுவான இலக்கு. 60க்குக் கீழ் இறங்கினால், அல்லது தள்ளாட்டமோ வலிப்போ கண்டால், தேனையோ குளுக்கோசுக் கரைசலையோ முரசில் தடவி, உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். மில்லிலீற்றருக்கு 100 அலகு கொண்ட இன்சுலினை 40 அலகுச் சிரிஞ்சில் குறிப்பைப் பார்த்து எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடலில் சேரும். இந்தப் பிழையால் உயிரே போகக்கூடும்.

உணவை மாற்றும் வாரம் தனிக் கவனம் கேட்கிறது. கரையோர வீடுகளில் பூனைக்குச் சோறும் மீனும் பிசைந்து வைப்பது வழக்கம். மாப்பொருளான சோற்றைக் குறைத்தால் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும். பழைய அளவையே போட்டால் சீனி வீழ்ந்துவிடும். ஆகவே மாற்றத்தை வைத்தியரிடம் சொல்லிவிட்டு, அந்த நாட்களில் அடிக்கடி அளக்க வேண்டும். வெங்காயம் போட்ட குழம்பு பூனையின் செங்கலங்களைச் சிதைக்கும். சில மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் தயமின் குறைபாடு வரும்; அவித்து முள் நீக்கிக் கொடுக்கலாம், ஆனால் மீன் மட்டும் முழு உணவாகாது.

கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 55 பூனைகளுக்கு வீட்டிலேயே சீனி அளந்து கிளார்ஜின் இன்சுலின் கொடுக்கப்பட்டது. நோய் கண்டறிந்து ஆறு மாதத்துக்குள் இம்முறையில் சேர்ந்தவற்றில் 84 சதவீதம் இன்சுலின் இல்லாமல் வாழும் நிலைக்குத் திரும்பின. பிந்திச் சேர்ந்தவற்றில் 35 சதவீதமே. இன்சுலின் நிறுத்திய பூனையிலும் நோய் மீளக்கூடும். உடல் பருத்தாலோ ஸ்டெரொயிட் மருந்து கொடுக்கப்பட்டாலோ அந்த ஆபத்து கூடும் என்பதால், வாரத்துக்கொரு முறையாவது காதில் ஒரு துளி எடுத்துப் பார்ப்பது தொடர வேண்டும்.