ஒரு நாள் உடுத்தும் ஆடை

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில், கியோமிசு எனும் பௌத்த ஆலயத்துக்கு ஏறிச் செல்லும் சரிவான தெருக்களிலும் அவற்றை அடுத்த கியோன் பகுதியிலும் கிமோனோவை வாடகைக்குத் தரும் கடைகள் ஏராளம். காலையில் வரும் பயணி சில ஆயிரம் யென் கொடுத்துத் தமக்குப் பிடித்த நிறத்தைத் தேர்ந்துகொள்கிறார். ஏறத்தாழ அரைமணி நேரத்தில் கடைப் பணிப்பெண் அதை உடுத்திவிடுகிறார். நாள் முழுதும் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் கடை அடைப்பதற்குள் திருப்பித் தர வேண்டும். இதை வெறும் வேடம் என்று முகம் சுளிப்போர் உண்டு. வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தபின் அவ்வளவு எளிதில் முகம் சுளிக்க நமக்கு மனம் வரவில்லை.

அப்பயணியின் உடலில் முதலில் ஏறுவது கிமோனோ அன்று. அதன் உள்ளே அணியும் ஜுபான் எனும் உள்ளங்கி. அந்தப் பெயர் ஜப்பானியச் சொல்லே அன்று. பதினாறாம் நூற்றாண்டில் வணிகராகவும் மறைப்பணியாளராகவும் அந்நாட்டில் கால்வைத்த போர்த்துக்கீசியரின் மொழியிலிருந்து வந்தது. புனித சவேரியார் 1549-இல் சென்று இறங்கியதும் அக்காலத்தில்தான்.

கிமோனோ என்பதற்கோ 'உடுத்தும் பொருள்' என்பதற்கு மேல் பொருளில்லை. ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரு துணிச்சுருளை நேர்க்கோடுகளாகவே வெட்டி இணைப்பார்கள், துணி வீணாவதில்லை. அழுக்கேறினால் தையலைப் பிரித்து, துண்டுகளைத் துவைத்து விரித்துக் காயவைத்து, மறுபடியும் தைப்பார்கள். இவ்வாறு தாயின் ஆடை மகளுக்கு அளவாகிவிடும். இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் மேல் வரவேண்டும் என்பது 719-ஆம் ஆண்டு பிறந்த அரசாணை. மாற்றி உடுத்துவது இறந்தவர்களுக்குத்தான். விவரம் அறியாத பயணி தாமே உடுத்திப் புறப்பட்டால் பிணக்கோலத்தில் வீதியுலா வர நேரும். கடைக்காரப் பெண்கள் அதற்கு இடம் தருவதில்லை!

இத்தகைய ஆடை அந்நாட்டு மக்களுக்கே வாடகைப் பொருளானது எப்படி? 1872-இல் மெய்ஜி அரசு மேலைநாட்டு உடையையே அரசுச் சடங்குகளுக்குரிய உடையென அறிவித்தது. ஆண்கள் அலுவலகங்களுக்குக் கோட்டு அணிந்து சென்றனர். பெண்கள் மட்டும் நெடுநாள் பழைய உடையிலேயே இருந்தனர். இரண்டாம் உலகப் போர் அவர்களையும் 'மொன்பே' எனும் தளர்ந்த காற்சட்டைக்கு மாற்றியது. போருக்குப் பின் கிமோனோ திருமணம், இருபது வயது நிறைவு விழா ஆகியவற்றின் எல்லைக்குள் ஒதுங்கியது. விலை ஏறியது. உடுத்தும் முறையைக்கூடத் தாயிடம் கற்பது போய், தனிப் பள்ளியில் கட்டணம் செலுத்திக் கற்கும் நிலை உண்டாயிற்று.

2018 ஜனவரி 8 அன்று, அந்த வயது நிறைவு விழாவின் காலையில், வாடகை நிறுவனம் ஒன்று முன்னறிவிப்பின்றிக் கதவடைத்தது. முன்கூட்டியே பணம் கட்டியிருந்த யோகோஹாமா, ஹச்சியோஜி நகர்களின் இளம்பெண்கள் பலர் ஆடையின்றி ஏமாந்து நின்றனர். ஒரு நாள் உடுத்திக் களையும் ஆடைதானே என்று அவர்களிடம் யாரால் சொல்ல முடியும்?

அயலார் உடையில் கியோட்டோத் தெருக்களில் உலவுவதும் புதிய பழக்கமன்று. 1591-இல் இயேசு சபையின் வாலிஞ்ஞானோ அடிகளார், உரோமை சென்று திரும்பிய நான்கு ஜப்பானிய இளைஞர்களுடன், ஆட்சியாளர் ஹிதேயோஷியை அந்நகரில் சந்தித்தார். அதன்பின் போர்த்துக்கீசிய உடைமீது பிரபுக்களுக்கு மோகம் பிறந்தது. திருமுழுக்குப் பெறாதவர்களும் மார்பில் செபமாலையும் இடையில் பாடுபட்ட சுரூபமும் தொங்க நடந்தார்கள் என்றும், சிலர் பரலோக மந்திரத்தையும் அருள்நிறை மந்திரத்தையும் மனப்பாடம் செய்து தெருவில் சொல்லிச் சென்றார்கள் என்றும், அது ஏளனமன்று, நாகரிகமே என்றும் 1594-இல் இயேசு சபைக் குரு ஒருவர் எழுதினார். 1597 ஜனவரியில் அதே நகரில் 24 கிறிஸ்தவர்கள் இடக்காதின் நுனி அறுக்கப்பட்டு வண்டிகளில் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். வழியில் மேலும் இருவர் சேர, 26 பேரும் பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் சிலுவையில் உயிர்நீத்தனர். இரண்டு காட்சிகளுக்கும் இடையே மூன்றே ஆண்டுகள்.

கிமோனோ யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அண்மையிலும் எழுந்தது. 2019-இல் அமெரிக்கப் பிரபலம் ஒருவர் தம் உள்ளாடை வணிகத்துக்கு அப்பெயரையே சூட்ட முனைந்தபோது, கியோட்டோ மேயர் அவருக்குக் கடிதம் எழுதினார். அப்பெயர் கிமோனோவை நேசிக்கும் மாந்தர் அனைவருக்கும் பொதுவான செல்வம், தனியொருவர் உடைமையாக்கக் கூடாது என்பதே அவர் வாதம். அந்தப் பெயர் கைவிடப்பட்டது. 'ஜப்பானியருக்கு மட்டும்' என்று மேயர் எழுதாதது நமக்கு நிறைவளிக்கிறது.

நம் கவலை நெசவாளரைப் பற்றியது. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் மேற்குப் படை முகாமிட்ட இடமாதலால் நிஷிஜின் எனப் பெயர்பெற்ற பகுதி, அந்நகரின் பட்டுத் தறிகளின் தாயகம். வாடகைக் கடைகளில் தொங்குவனவோ பெரும்பாலும் அச்சிட்ட பாலியெஸ்டர். தெரு நிறையக் கிமோனோ நடந்தாலும் நிஷிஜின் தறிக்கு அதனால் வேலை கூடுவதில்லை.

கப்பலில் வந்த துணி அங்கே உள்ளூர்த் தறியில் ஏறிய கதையும் உண்டு. அதில் நம் ஊருக்கும் ஓர் இழை உண்டு. எதோ காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கப்பல்கள் கொண்டுசென்ற கோடிட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் 'சந்தோமே' என்றே அழைத்தனர். அப்போஸ்தலர் தோமாவின் பெயர் தாங்கிய மயிலாப்பூர்ச் சாந்தோம்தான் அது. ஆடம்பரப் பட்டு மறுக்கப்பட்டிருந்த எதோ நகரத்து வணிகர்கள் அந்த மெல்லிய கோடுகளை விரும்பி உடுத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், தோக்கியோவுக்கு அருகிலுள்ள கவாகோயே எனும் ஊர், இறக்குமதி செய்த மெல்லிய நூலைக்கொண்டு அத்துணியை நெய்து பெயர்பெற்றது. அவ்வூரின் பழைய வணிக வீதியிலும் இன்று கிமோனோவை வாடகைக்கு எடுத்து உடுத்தி நடக்கிறார்கள்.